சைட்காரில் ராஜம்மா

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் மருதமுத்துவைப் பக்கத்து வீட்டுச் சீனரின் கோழிக்கூண்டுக்குள் தலைகீழாக விட்டுவிட்டு வந்தோம். நல்லவேளையாக அவருக்குப் பெரிய அடி ஒன்றும் இல்லை. கோழிகளும் சௌக்கியம். மோட்டார் சைக்கிளுக்குத்தான் முன்விளக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. இப்போது அது சாலையைப் பார்க்காமல் சாலையோரத்துத் தென்னை மரங்களைப் பார்க்கிறது.

விழுந்ததற்குக் காரணம் வண்டியின் அமைப்பு. போருக்கு முந்திய வெள்ளைக்காரன் வண்டி அது. இரட்டை சிலிண்டர். நாலு ஆண்பிள்ளைகள் தள்ளினால்தான் அசையும். இடது பக்கம் படகு மாதிரி ஒரு சைட்கார். அதில் ஆள் இல்லாமல் இடது பக்கம் திரும்பினால் சைட்கார் தரையை விட்டு எழும்பிவிடும். வீட்டருகே பாச்சாங் முனையில் அது எழும்பியது. மருதமுத்துவும் கூடவே எழும்பினார். இறங்கிய இடம் கோழிக்கூண்டு.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கவலை கோழிகளைப் பற்றியது அல்ல. அன்று அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு, அவருக்கு மிஞ்சியிருந்த கடைசி விடுமுறை நாள். அன்றைக்குள் இந்த வண்டி தன் காலாலேயே செலண்டார் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அவருக்கு இல்லை.

வண்டி அந்தத் தோட்டத்துப் பழைய துரையுடையது. ஒரு காலத்தில் அதில் பினாங்கு வரை போய்வந்த மனிதர். அவசரகாலச் சட்டம் வந்தபிறகு, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் எந்த மரத்துக்குப் பின்னாலிருந்து சுடுவார்களோ என்று இரும்புத் தகடு அடித்த காரை விட்டு அவர் இறங்கவே இல்லை. வண்டி ரப்பர் உலர்த்தும் புகைக்கொட்டகையில் கிடந்து துருப்பிடித்தது. சீமைக்குத் திரும்பியபோது தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி விஜயரட்ணத்திடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். இதைத் திருத்தி ஓட்டிக்கொண்டு வருகிற ஆளுக்கு மட்டும் வண்டியின் உரிமைப் பத்திரமான கிராண்டைக் கையெழுத்துப் போட்டுக் கொடு, அக்டோபர் முடிவதற்குள் யாரும் வராவிட்டால் உன் இஷ்டம், என்று.

கிராணியின் இஷ்டம் என்னவென்று ஊருக்கே தெரியும். மாச்சாப் ஊர்க்காரர் தம்புசாமி அந்த எஞ்சினைக் கழற்றித் தன் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வைத்துக்கொள்வதாக முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

மருதமுத்து மலாக்காத் தண்ணீர் இலாகாவில் மீட்டர் பார்ப்பவர். இருபது வருஷமாகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் குனிந்து குனிந்து எண்களைக் குறித்துக்கொண்டவர். மே மாதத்தில் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த துருக்குவியலை ஐந்து மாதம் வீட்டுப் பின்புறத்தில் வைத்துத் தன் கையாலேயே உயிர் கொடுத்திருக்கிறார். எஞ்சின் தண்ணீர் இறைப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"பாரம் வேணும்," என்றார் வாசலில் நின்றுகொண்டு. "சைட்கார்ல நூறு ராத்தலுக்கு மேல பாரம் இருந்தா எங்கயும் தூக்காது."

"மணல் மூட்டை வையுங்க," என்றாள் ராஜம்மா உள்ளேயிருந்து.

"ரோட் பிளாக்குல மூட்டையப் பாத்தா விடுவானா? அரிசியா, மருந்தா, காட்டுக்காரனுக்கா கொண்டுபோறேன்னு பயனெட்டால குத்திக் குத்திப் பாப்பான். அங்கயே பொழுது போயிரும்."

மகள் கோமளா பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். பதினாறு வயது. எதற்கும் விடை கையில் வைத்திருப்பவள்.

"ஈஸி லா, அப்பா. அம்மாவ உக்கார வச்சுக் கொண்டுபோங்க. அம்மாகிட்டதான் ஐசி கார்டு இருக்கே."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"நான் என்ன மணல் மூட்டையா?"

"அப்படி யாரு சொன்னா, ராஜம்மா. எடை சரியா இருக்கும்னுதான்..." என்று ஆரம்பித்த மருதமுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அந்த வாக்கியத்தை அங்கேயே கைவிட்டார்.

வண்டி வந்த நாள் முதல் அவள் அதை ஏசாத நாள் இல்லை. துணி காயப்போடும் இடத்தை அடைத்துக்கொண்டதற்கு ஏசினாள். சுவரில் எண்ணெய்க் கறை பட்டதற்கு ஏசினாள். அதனால் அவள் கூட வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அரை மணி நேரத்தில் அவள் தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மடியில் மூன்றடுக்குத் தூக்குச்சட்டியோடு சைட்காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"கோமளா, முத்தாயி அக்கா வீட்டுலயே இரு. ஆறு மணிக்குள்ள வந்துருவோம்."

முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. மருதமுத்து தெருவை ஒருமுறை பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

*

டுரியான் துங்கல் தாண்டும்வரை எல்லாம் நன்றாக இருந்தது. இடது பக்கத் திருப்பங்களில் சைட்கார் தரையோடு ஒட்டிக்கொண்டு போனது. மருதமுத்து பாடக்கூட ஆரம்பித்தார். எஞ்சின் சத்தத்தில் அவருக்கே அது கேட்கவில்லை.

கடலோரப் பகுதிகளை வெள்ளைப் பகுதி என்று அறிவித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அங்கே ஊரடங்கு இல்லை, உணவுக் கட்டுப்பாடு இல்லை. செர்காம் கடற்கரைக்குக் கட்டுச்சோறு கொண்டுபோய் இரவு வரை உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பழக்கத்தில்தான் ராஜம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். ஆனால் செலண்டார் பக்கம் இன்னும் பழைய சட்டம்தான்.

அங்கே போகும் வழியில் ரோட் பிளாக். முள்கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சட்டைப்பையில் சேகரன் என்று பெயர். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இருவருடைய ஐசி அடையாள அட்டையையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு சைட்காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, சட்டியில என்னா?"

"எலுமிச்சம்பழச் சோறு. கருவாட்டுத் தொக்கு. முட்டை. கிராணி வீட்டுக்கும் சேத்துக் கொண்டுபோறேன்."

சேகரனின் முகம் வாடியது. "சமைச்ச சாப்பாடு இந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது, அக்கா."

"சரி, இங்க வச்சுட்டுப் போறேன். வரும்போது எடுத்துக்கறேன்."

"இங்க வைக்கவும் கூடாது."

"அப்ப கொட்டிடுறேன்."

"கொட்டவும் கூடாது. பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க." அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். "ஒண்ணு, திரும்பிப் போங்க. இல்லன்னா இங்கயே சாப்பிட்டு முடிச்சிருங்க. வயித்துக்குள்ள இருக்கிறதுக்குச் சட்டம் இல்ல."

அப்போது காலை ஒன்பதே முக்கால். எட்டு மணிக்குத்தான் இருவரும் தோசை சாப்பிட்டிருந்தார்கள்.

வேறு வழியில்லை. மணல் மூட்டை அரணுக்குப் பக்கத்தில், இயந்திரத் துப்பாக்கியின் குழாய்க்குக் கீழே, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். ஐந்து பேருக்கான சோறு. மருதமுத்து முதல் அடுக்கை வீரமாகவும் இரண்டாவதைக் கடமையாகவும் சாப்பிட்டார். மூன்றாவது அடுக்கைத் திறந்தபோது அவித்த முட்டை ஆறும் அவரைப் பார்த்தன.

"தம்பி, நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க," என்றாள் ராஜம்மா.

"டூட்டி நேரம், அக்கா."

"டூட்டி பாத்துத்தான் சொல்றேன். இது முடியாம நாங்க போக முடியாது. நாங்க போகாம உங்க கேட்டுல இந்த வண்டி நகராது. பின்னால பாருங்க, பஸ் நிக்குது."

சேகரன் பின்னால் பார்த்தான். பஸ்ஸிலிருந்து முப்பது தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அரணுக்குப் பின்னால் குனிந்து மூன்று முட்டைகளைச் சாப்பிட்டான்.

கேட்டைத் திறந்துவிட்டார்கள். மருதமுத்து வண்டியை உதைத்தார்.

வண்டி பேசவில்லை.

மறுபடி உதைத்தார். உதைமிதி திருப்பி அவரை உதைத்தது. முழங்கால் வரை மின்னியது. பத்து, இருபது, முப்பது. எலுமிச்சம்பழச் சோறு தொண்டைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. பஸ் டிரைவர் இறங்கி வந்து ஆலோசனை சொன்னார். பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் இறங்கி வந்து மீதி ஆலோசனைகளைச் சொன்னார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து வண்டியைச் சாலையோரம் தள்ளிவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள்.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. மருதமுத்து மைல்கல்லின் மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். தம்புசாமியின் காய்கறித் தோட்டம் கண்முன்னே பச்சையாகத் தெரிந்தது.

ராஜம்மா சைட்காரிலிருந்து மெதுவாக இறங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மேக்னட்டோ," என்றாள்.

"என்னது?"

"நெருப்புப் பொறி குடுக்கற மேக்னட்டோவுல பாயிண்ட் கரி புடிச்சிருக்கும். இடைவெளியும் கூடிப்போயிருக்கும். நான் புதன்கெழம பாக்கணும்னு நெனச்சேன், துணி நெறய இருந்துச்சு. அந்தச் சின்ன ஸ்பேனரக் குடுங்க. தீப்பெட்டி இருக்கா?"

மருதமுத்து ஸ்பேனரைக் கொடுத்தார். தீப்பெட்டியையும் கொடுத்தார். ஏன் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் மேக்னட்டோ மூடியைக் கழற்றி, அவிழ்த்த தலைத்துண்டில் பத்திரமாக வைத்தாள். தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து, உள்ளே இருந்த இரண்டு சின்னப் புள்ளிகளுக்கு நடுவே விட்டு இழுத்தாள். கரி வந்தது. துடைத்தாள். மறுபடி இழுத்தாள்.

"உங்க மீட்டர் புத்தகம் கொண்டாந்திருக்கீங்களா?"

ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் சட்டைப்பையில் அது இருந்தது. அவள் அதன் அட்டையிலிருந்து ஒரு மூலையைக் கிழித்தாள். அரசாங்கச் சொத்தைக் கிழித்ததற்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அட்டைத் துண்டைப் புள்ளிகளுக்கு நடுவே வைத்து, அது பிடிக்காமலும் தளராமலும் நகரும் வரை திருகாணியைத் திருப்பினாள். மூடியை மாட்டினாள். கைப்பிடியில் இருந்த சின்ன லீவரைப் பின்னால் இழுத்துவிட்டாள்.

"இது முன்னால இருக்கும்போது ஒதைச்சா கால ஒடச்சிரும். இப்ப ஒதைங்க."

ஒரே உதை. வண்டி அரணே அதிரும்படி உறுமியது. சேகரன் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டான்.

*

அரைக் கல் தூரம் மருதமுத்து நேராகச் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். பிறகு வண்டியை ஒரு ரப்பர் மரத்தடியில் நிறுத்தினார். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. அதற்கு அவருக்குத் தைரியம் இல்லை.

"வீட்டுல ஒரு நாளும் என் கால இது ஒதைச்சதில்லையே."

"நீங்க ஸ்டார்ட் பண்ண வர்றதுக்கு முன்னாடி நான் வந்து கைப்பிடியத் தொடைப்பேன்ல. அப்பவே லீவரப் பின்னால தள்ளிட்டுப் போயிருவேன்."

அவள் ஆசையாகத் துடைக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார்.

"கிளச்சு?"

"பிளேட்டையெல்லாம் தலைகீழா அடுக்கியிருந்தீங்க. நீங்க வேலைக்குப் போனப்புறம் கழட்டி மாட்டினேன்."

"பெட்ரோல் டாங்கி ஓட்டைய நான்தானே அடைச்சேன்."

"சோப்பு வச்சு அடைச்சீங்க. நான் அதக் கழட்டி, இடுப்புல வச்சுக் கொண்டுபோய், தகரக்கடைக்காரன்கிட்ட ஈயம் பத்தவச்சுக் கொண்டாந்து மாட்டினேன். நல்ல கனம்."

ஆபீஸில், காப்பிக்கடையில், சந்தையில் என்று அந்தக் கிளச்சைப் பற்றி எத்தனை பேரிடம் பேசியிருப்பார் என்று மருதமுத்து எண்ணிப் பார்த்தார். தண்ணீர் இலாகா சூப்பர்வைசரிடம் படமே போட்டு விளக்கியிருந்தார்.

"எங்க கத்துக்கிட்ட?"

அவள் மரத்தில் கட்டியிருந்த பால் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யப்பான்காரன் காலத்துல. நீங்க சயாமுக்குப் போன மறுவருசம். ரயில் போடப் போனவங்கள்ல யாரும் திரும்ப மாட்டாங்கன்னு சொன்னாங்க. கோமளாவுக்கு ஏழு வயசு. லாரி ரிப்பேர் பண்ற யார்டுல எண்ணெத் துணி தொவைக்க ஆள் கேட்டாங்க. போனேன். மொதல்ல துணி தொவைச்சேன். அப்புறம் ஸ்பேனர் எடுத்துக் குடுத்தேன். அப்புறம் நானே கழட்டினேன். ஆம்பளைங்க இல்லையே, எல்லாரையும் சயாமுக்குக் கொண்டுபோயிட்டானே."

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்ல."

"எலும்பாத்தான வந்தீங்க. டீக்கிளாசப் புடிச்சா பாதி கீழ சிந்தும், கை அப்படி நடுங்குச்சு. அந்த ஆளுகிட்ட வந்து, நான் லாரி ரிப்பேர் பண்ணுவேன்னு சொல்லவா?"

சயாமைப் பற்றி அவரும் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. எட்டு வருஷம்.

"இந்தச் சனியன வீட்டுக்குக் கொண்டாந்தப்ப எனக்குப் பத்திக்கிட்டுதான் வந்துச்சு," என்றாள் ராஜம்மா. "ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தேன். ஒரு சின்னத் திருகாணிய எடுத்து ஓட்டையில வச்சீங்க. கை ஆடல. அதான், ஓடட்டும்னு விட்டுட்டேன்."

மருதமுத்து தம் கைகளைப் பார்த்தார். கைப்பிடியின் மேல் அவை சும்மா கிடந்தன. பிறகு, கோபமா வெட்கமா என்று பிரித்துச் சொல்லமுடியாத முகத்தோடு கிளச்சை அழுத்தினார். அது வெண்ணெய் மாதிரி இறங்கியது.

*

ஏழாங்கட்டைத் தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் ஆபீஸுக்கும் சேர்த்து ஒரே கேட். பெரிய கிராணி விஜயரட்ணம் வெள்ளைக் கால்சட்டையும் டையுமாக ஆபீஸ் படியில் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் என்ன, கிராண்டு அரசாங்கக் காகிதம்.

"வாங்கோ, வாங்கோ. சத்தம் கேட்டு நான் துரைதான் திரும்பி வந்திட்டார் எண்டு நினைச்சன்."

வண்டியை மூன்று சுற்று சுற்றிப் பார்த்தார். தென்னை மரத்தைப் பார்க்கும் விளக்கைக் கண்டு புருவத்தைத் தூக்கினார். அது கடிதத்தில் குறிப்பிடப்படாத விஷயம் என்பதால் விட்டுவிட்டார். அவர் மனைவி சந்திராதேவி கைகழுவச் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்து, சாப்பிட அழைத்தாள். சாப்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் மருதமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். தேநீர் மட்டும் போதும் என்றார்.

கிராணி மேசையில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, கடிதத்தை எதிரே வைத்துக்கொண்டார்.

"துரை எழுதியிருக்கிறபடி, இதைத் திருத்தின ஆளின்ர பேரிலதான் நான் மாத்த வேணும். அப்ப, மிஸ்டர் மருதமுத்து, நீங்கள்தானே திருத்தினது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து மாதமாக அவர் காத்திருந்த கேள்வி. பக்கத்தில் ராஜம்மா தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் மறுக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

"நான் ஒடச்சேன், சார்," என்றார் மருதமுத்து. "திருத்தினது இவ."

பேனா நின்றது. "உங்கட மனிசியோ?"

"ஆமா."

விஜயரட்ணம் முப்பது வருஷம் கணக்குச் சரிபார்த்தவர். வாய் வார்த்தையை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இல்லை. அலமாரியிலிருந்து வண்டியோடு வந்த பழைய ஆங்கிலக் கையேட்டை எடுத்தார். தமக்குப் புரியாத ஒரு பக்கத்தைத் திறந்தார்.

"அப்ப சொல்லுங்கோ, அம்மா. மேக்னட்டோ பொயிண்டுக்கு எவ்வளவு இடைவெளி விட வேணும்?"

"மீட்டர் புத்தகத்து அட்டை கனம்."

கிராணி கையேட்டைப் பார்த்தார். "இதில அப்பிடிப் போடேல்லையே."

"அத எழுதினவங்ககிட்ட அந்தப் புத்தகம் இருந்திருக்காது," என்றாள் ராஜம்மா.

கிராணி மருதமுத்துவின் மீட்டர் புத்தகத்தை வாங்கி, கிழிந்த மூலையைத் தடவிப் பார்த்தார். இன்னும் நாலு கேள்வி கேட்டார். நாலாவது கேள்விக்கு அவள் எழுந்து வாசலுக்குப் போய், வண்டியில் தொட்டே காட்டிவிட்டு வந்தாள். அவர் கையேட்டை மூடினார்.

ஆங்கிலத்தில், சாய்ந்த எழுத்தில், கிராண்டில் பெயர் ஏறியது. ராஜம்மா, மருதமுத்துவின் மனைவி.

அவள் அதை மடித்து மருதமுத்துவின் சட்டைப்பையில் வைத்தாள். "நீங்க வச்சுக்குங்க. நான் எங்கயாவது தொலைச்சிருவேன்." அவள் வாழ்க்கையில் ஒரு குண்டூசியைக்கூடத் தொலைத்ததில்லை.

மூன்றரை மணி. கிளம்பலாம் என்று எழுந்தார்கள். கிராணி எழுந்திருக்கவில்லை.

"அம்மா, ஒரு சின்ன உதவி," என்றார். குரல் இறங்கியிருந்தது. "வேலியைச் சுத்தி லைட் எரியிறதுக்கு ஒரு எஞ்சின் இருக்கு. நாலு நாளா வேலை செய்யேல்ல. மெக்கானிக் மலாக்காவில இருந்து வர மாட்டன் எண்டிட்டான், பயம். இண்டைக்கும் லைட் எரியாட்டி, நாளையில இருந்து ஊரடங்கு மத்தியானம் ரெண்டு மணிக்கே தொடங்கும் எண்டு செக்யூரிட்டி ஒஃபீசர் சொல்லிப்போட்டார். பால் எடுத்து முடிய முந்தியே சனங்கள் லயத்துக்குள்ள போக வேணும். எழுநூறு பேர்."

"நாங்க ஆறு மணிக்குள்ள கேட்ட தாண்டணும், சார்," என்றார் மருதமுத்து. "மக காத்துக்கிட்டிருப்பா."

ராஜம்மா அவரைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை இல்லை அது. அவர் என்ன ஆள் என்று பார்க்கிற பார்வை.

மருதமுத்து சைட்காரைத் திறந்து ஸ்பேனர் மூட்டையை எடுத்தார்.

"அரை மணி நேரம்," என்றார்.

*

அரை மணி, இரண்டரை மணி ஆயிற்று.

எஞ்சின் கொட்டகை இருட்டு. மருதமுத்துவுக்கு ஒரே வேலை, டார்ச் லைட்டைப் பிடிப்பது. எதையும் தொட ராஜம்மா அவரை விடவில்லை. ஒரு தடவை ஒரு நட்டை எடுக்கக் கைநீட்டினார். "சும்மா இருங்க," என்றாள்.

மேக்னட்டோ நன்றாக இருந்தது. பிளக் நன்றாக இருந்தது. அவள் பெட்ரோல் குழாயைக் கழற்றினாள். சொட்டவில்லை. வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தைத் திருகி எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் வெள்ளையாக ஏதோ தங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"சீனி."

"என்ன?" என்றார் கிராணி.

"டாங்கியில சீனி போட்டிருக்காங்க. பெட்ரோல்ல அது கரையாது, அடியில போய் அடைச்சிக்கும். எஞ்சின் தானா நிக்கல, சார். யாரோ நிறுத்தியிருக்காங்க."

விஜயரட்ணம் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"இதின்ர சாவி ரெண்டே ரெண்டுதான் இருக்கு," என்றார். "ஒண்டு என்னட்ட."

"இன்னொண்ணு?"

அவர் பதில் சொல்வதற்குள் ஆறு மணிச் சங்கு ஊதியது. கேட் சாத்தப்படும் சத்தம் இங்கே வரை கேட்டது. அதற்குப் பின்னாலேயே ஜீப் ஒன்று வந்து நின்றது. பூட்ஸ் சத்தம். செக்யூரிட்டி ஆபீசர், சிவந்த முகமுள்ள வெள்ளைக்காரர், கதவை அடைத்துக்கொண்டு நின்றார். லைட் எரிகிறதா என்று பார்க்க வந்தவருக்கு, கழற்றிப் போட்ட எஞ்சினும் பழக்கமில்லாத இரண்டு முகங்களும் தெரிந்தன.

"யார் இதைத் திறந்தது?" என்று மலாயில் கேட்டார்.

கிராணி ஓர் அடி பின்னால் நகர்ந்தார். ராஜம்மா கையில் கண்ணாடிக் கிண்ணத்தோடு நின்றாள். அவளுடைய இரண்டு கையும் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கறுப்பு. ஏதோ சொல்ல அவள் வாயெடுத்தாள்.

மருதமுத்து டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான், துவான்," என்றார்.

மத்தியானம் கிராணியிடம் வேண்டாமென்று விட்ட பெயரை இப்போது அவரே எடுத்துக்கொண்டார். யோசித்துச் செய்யவில்லை.

ஆபீசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார். தரையில் கிடந்த நட்டுகளைப் பார்த்தார். பிறகு ஓர் அடி முன்னால் வந்தார்.

"கையைக் காட்டு," என்றார்.

சந்திராதேவியின் சோப்பால் கழுவியபிறகு ஒரு திருகாணியைக்கூடத் தொடாத இரண்டு கைகள். மருதமுத்து அவற்றை மெல்ல முன்னால் நீட்டினார்.